கடலைக்காய் ஆய்வதும் நூல் படிப்பதும்: ஒரு வினைச்சொல்லை வைத்து விக்சனரிக்கு ஒரு மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு நான் தமிழ்ப் பாடம் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைக் கொண்டு எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழியைக் கற்கத் தொடங்கியிருந்தாள். “டீச்சர், அதில் படிப்பதற்கு ‘லெகி’ என்கிறார்கள். லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். லத்தீனில் அதற்கு முதலில் என்ன அர்த்தம்?” என்று ஒரு நாள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தேடப் போன இடத்தில் மூன்று அகராதிகளைப் புரட்ட நேர்ந்தது. அவற்றுள் எனக்கு உண்மையில் கைகொடுத்தது விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பு என்பதால், ஒரே ஒரு வினைச்சொல்லை உரைகல்லாக வைத்து அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் எடுத்தது, பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கி வைத்திருந்த சட்டைப்பை அளவு லத்தீன் அகராதி. ‘லெகி’க்கு மூலமான ‘லெகெரெ’ என்ற லத்தீன் சொல்லுக்கு நேரே ‘படித்தல்’ என்று ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு அது அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. இரண்டாவது, கைப்பேசியில் இறக்கிய ஒரு செயலி. அது ‘படிக்கிறேன்’, ‘தூதனாக அனுப்புகிறேன்’, ‘உயிலில் எழுதி வைக்கிறேன்’ என்று மூன்று பொருள்களை ஒரே தலைச்சொல்லின் கீழ் வரிசையாக அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது போன்ற தோற்றத்தைத் தந்தது. நான் அதை நம்பி, படிக்கத் தெரிந்தவனைத்தான் தூதனுப்பினார்கள் போலும் என்று மாணவியிடம் விளக்கமும் சொல்லிவிட்டேன். அந்த விளக்கம் தவறு. மறுநாள் அதைத் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தத்துக்கு வழிகாட்டியது விக்சனரி.

விக்சனரி 2002 டிசம்பரில் தொடங்கப்பட்டது. விக்கிமீடியா அறக்கட்டளை நடத்தும், தன்னார்வலர்கள் எழுதிச் சேர்க்கும், கட்டணமில்லாத பன்மொழி அகராதி அது. லத்தீன் வினையை அதில் தேடுகிறவர் முதலில் ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ‘படி’ என்ற பகுதியைத் தலைச்சொல்லாகக் கொள்வது போல, லத்தீன் அகராதிகள் தன்மை ஒருமை நிகழ்காலத்தைத் தலைச்சொல்லாகக் கொள்கின்றன. ஆகவே ‘லெகெரெ’ என்று தேடினால் அது ஒரு வினைத்திரிபு என்ற குறிப்பு மட்டுமே கிடைக்கும். ‘லெகோ’, அதாவது ‘படிக்கிறேன்’, என்ற பக்கத்தில்தான் முழு விளக்கமும் இருக்கிறது. அந்தப் பக்கம் இரண்டு சொற்பிறப்புகளை இரண்டு தனித் தலைப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று, குறில் எகரத்தோடு வரும் ‘லெகோ’. பொறுக்குகிறேன், படிக்கிறேன் என்பது பொருள். மற்றது, நெடில் ஏகாரத்தோடு வரும் ‘லேகோ’. பொறுப்பளித்து அனுப்புகிறேன், உயிலில் விட்டுச் செல்கிறேன் என்பது பொருள். சட்டம் என்று பொருள்படும் ‘லேக்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது இரண்டாவது வினை. செயலி கலந்து கொடுத்தவை இந்த இரண்டும்தான்.

லத்தீனைச் சாதாரணமாக அச்சிடும்போது குறிலும் நெடிலும் ஒரே எழுத்தாகவே நிற்கும். விக்சனரி தலைச்சொல் வரியிலும் வினைத்திரிபு அட்டவணையிலும் நெடிலின் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. ஆங்கிலம் வழியே லத்தீன் கற்பவர்களுக்கு இந்தக் கோடு ஒரு தொல்லையாகத் தோன்றலாம். தமிழருக்கு அது இயல்பான ஒன்று. ‘லெகிட்’ என்றால் அவன் படிக்கிறான். ‘லேகிட்’ என்றால் அவன் படித்தான். ஒரு மாத்திரை நீண்டதும் காலமே மாறிவிடுகிறது. இதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டியபோது அந்த மாணவிக்கு நொடியில் விளங்கிவிட்டது. ஓலைச்சுவடிக் காலத்தில் நம் எழுத்திலும் எகரமும் ஏகாரமும் மயங்கியே கிடந்தன. இரட்டைச் சுழிக் கொம்பு இட்டு அந்த மயக்கத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதியவரும் அவரே.

இனி, சொல்லின் முதற்பொருள். விக்சனரி அதைத் தெளிவாகவே வரிசைப்படுத்தியிருக்கிறது: பொறுக்குதல், திரட்டுதல், தெரிந்தெடுத்தல் ஆகியவை முந்தியவை, படித்தல் பிந்தியது. லத்தீன், கிரேக்கம் முதலியவற்றுக்குத் தாயான இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் சேர்த்தல், திரட்டுதல் என்ற பொருளோடு மீட்டுருவாக்கப்பட்ட ‘லெக்’ என்னும் வேரிலிருந்து அது வருகிறது. இந்த வரிசையைப் படித்தபோது நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். களத்தில் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமார் இருவரும் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மழை குறைந்த இந்தக் கிழக்குப் பகுதியில் நிலக்கடலை விளைகிறது. செடியை வேரோடு பிடுங்கிக் குவித்து, சுற்றி உட்கார்ந்து, காயைச் செடியிலிருந்து பிரித்து, முற்றியதையும் பிஞ்சையும் பொக்கையும் வேறு வேறாகப் போடுவதை ‘ஆய்வது’ என்போம். முருங்கைக்கீரையையும் ஆய்வோம். ‘ஆய்வு’ என்று பல்கலைக்கழகத்தார் சொல்வதும் இதே வினையிலிருந்து வந்த சொல்தான். கையால் பொறுக்கிப் பிரித்தலில் தொடங்கி அறிவால் நுணுகிப் பார்த்தலில் போய் நிற்கும் பாதை தமிழிலும் இருக்கிறது. ஆய்தல் என்பதை உள்ளதன் நுணுக்கம் என்று தொல்காப்பியத்தின் உரியியல் குறிக்கிறது. “வெறுங்கையாலே ஆய முடியாது கண்ணு, பாத்துப் பாத்துத்தான் ஆயணும்” என்று அம்மா சொன்னார். கண் இல்லாமல் அந்த வேலை நடக்காது என்பதை விளக்க எனக்கு வேறு மேற்கோள் தேவைப்படவில்லை.

இங்கே ரோமானிய அறிஞர் வர்ரோவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்த அவர், எண்பதாம் வயதில் உழவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பயறு வகைகளை லத்தீனில் ‘லெகூமென்’ என்பார்கள். அவற்றை அரிவாளால் அறுக்காமல் நிலத்திலிருந்து பிடுங்கிப் பொறுக்குவதால்தான் ‘லெகெரெ’யிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று அவர் அந்நூலில் காரணம் சொல்கிறார். இக்காலச் சொற்பிறப்பியலார் எல்லாரும் இதை ஏற்பதில்லை. நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர் என்பதால் வர்ரோ அதைக் கண்டிருக்கவும் வழியில்லை. ஆனால் பிடுங்குவதையும் பொறுக்குவதையும் ஒரே மூச்சில் நினைக்கும் உழவனின் கண் அவரிடம் இருந்தது. அந்தக் கண்ணை எங்கள் களத்தில் நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

அந்த வினை வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே போகலாம். பூவும் தரையில் முளைத்த செம்புற்றுப்பழமும் (ஸ்ட்ராபெர்ரி) பொறுக்கும் சிறுவர்களை, புல்லில் குளிர்ந்த பாம்பு ஒளிந்திருக்கிறது, ஓடுங்கள் என்று எச்சரிக்கும் இடத்தில் ரோமானியக் கவிஞர் வெர்ஜில் பயன்படுத்துவது இந்த வினையைத்தான். பாய்மரக் கப்பலின் பாயைச் சுருட்டிச் சேர்ப்பதற்கும் இதுவே சொல். கரையை ஒட்டியே கப்பல் செலுத்துவதற்கும், அதாவது கரையை விடாமல் தொட்டுக்கொண்டே போவதற்கும், இதுவே சொல். என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த பயன்பாடு வேறு ஒன்று. ரோமானியர் பிணத்தை எரித்த பிறகு உறவினர் சாம்பலிலிருந்து எலும்புகளைப் பொறுக்குவதை ‘ஒஸ்ஸா லெகெரெ’ என்றார்கள். நம் வீடுகளில் எலும்பு பொறுக்குதல் என்றும் அஸ்தி எடுத்தல் என்றும் சொல்வது அதுவே. இங்கே மலையாள நாளிதழ்களின் இரங்கல் பகுதியில் நாள்தோறும் காணும் ‘சஞ்சயனம்’ என்ற சொல்லுக்கும் சேர்த்துத் திரட்டுதல் என்றே பொருள். மொழிக்குடும்பம் வேறு, நாடு வேறு. ஆனால் இறந்தவரின் எலும்பைத் தொட்டு எடுக்கும் செயலுக்கு அங்கும் இங்கும் மனிதர் தேர்ந்துகொண்டது பொறுக்குதல், திரட்டுதல் என்ற எளிய வினையையே.

பொறுக்குதல் எப்படிப் படித்தலாயிற்று? எழுத்துகளைக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்துச் சொல்லாக்குவதே படித்தல் என்பது ஒரு விளக்கம். கரையோரமாகக் கப்பல் போவது போல வரியை ஒட்டிக் கண் போவதே படித்தல் என்பது மற்றொன்று. எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது. ரோமானியர் பிற்காலத்தில் சொற்களுக்கு இடையே இடம் விடாமல் எழுதினர். புள்ளியும் இடைவெளியும் இல்லாத நம் ஏட்டுச்சுவடியைப் படித்தவர்களுக்கு எழுத்தைப் பொறுக்கிச் சேர்த்தல் என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதே வேர் கிரேக்கத்தில் ‘லெகெயின்’ என்று நின்று, திரட்டுதலிலிருந்து எண்ணுதலுக்கும், எண்ணுதலிலிருந்து எடுத்துரைத்தலுக்கும், கடைசியில் பேசுதலுக்கும் சென்றது. பேச்சு, அறிவு என்றெல்லாம் பொருள்படும் ‘லோகோஸ்’ என்ற புகழ்பெற்ற சொல் அந்தக் கிளையில் பூத்தது. ஒரே வேர் கிரேக்கனுக்கு நாவிலும் ரோமானியனுக்குக் கண்ணிலும் போய்த் தங்கியது.

விக்சனரியின் சிறந்த பகுதி என்று நான் கருதுவது, ஒரு சொல்லிலிருந்து கிளைத்தவற்றைத் தொகுத்துக் காட்டும் பட்டியல். முன்னொட்டுச் சேர்ந்த வடிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றாகச் சேர்த்துப் பொறுக்கினால் ‘கொல்லிகெரெ’. அதிலிருந்து ஆங்கிலத்தின் ‘கலெக்‌ஷன்’. வெளியே பொறுக்கி எடுத்தால் ‘ஏலிகெரெ’, அதிலிருந்து ‘எலெக்‌ஷன்’. பொறுக்காமல் விட்டால் ‘நெக்லெகெரெ’, புறக்கணித்தல். பலவற்றுள் ஒருவரைத் தனியே பொறுக்கிக்கொண்டால் ‘தீலிகெரெ’, அன்பு செய்தல். இரண்டுக்கு நடுவே பிரித்துப் பொறுக்கினால் ‘இந்தெல்லெகெரெ’, புரிந்துகொள்ளுதல். ‘இன்டெலிஜென்ஸ்’ என்று இன்று உலகமே உச்சரிக்கும் சொல்லின் அடி இது.

இந்த இடத்தில் எல்லையோரத்துக்காரி என்ற முறையில் எனக்கு ஒரு பெரிய மகிழ்ச்சி கிடைத்தது. தமிழில் ‘தெரி’ என்ற வினைக்கு அறியப்படுதலும் பொருள், தேர்ந்தெடுத்தலும் பொருள். திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்கு ‘தெரிந்து தெளிதல்’ என்று பெயர். ஒருவரை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதைப் பற்றியது அது. இன்றைய பேச்சுத்தமிழில் தேர்ந்தெடுத்தல் என்ற பொருள் மங்கி, அறிதல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ச் சுவர்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மலையாளத்தில் எழுதப்படும் ‘தெரஞ்ஞெடுப்பு’ என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. தேர்தலுக்கு மலையாளம் தெரிந்தெடுத்தல் என்கிறது, லத்தீன் வெளியே பொறுக்கி எடுத்தல் என்கிறது. புரிதலுக்குத் தமிழ் தெரிதல் என்கிறது, லத்தீன் நடுவே பொறுக்குதல் என்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிய அன்று ஒரு பாடவேளை முழுவதும் போனது தெரியாமல் போயிற்று.

எஸ்பெராண்டோவுக்கு வருகிறேன். விக்சனரி ஒரே எழுத்துக்கோவை கொண்ட சொற்களை, அவை எம்மொழிக்குரியவையாக இருந்தாலும், ஒரே பக்கத்தில் வைக்கிறது. ஆகவே ‘லெகி’ என்ற பக்கத்தைத் திறந்தால் எஸ்பெராண்டோவும் லத்தீனும் அருகருகே நிற்கின்றன. எஸ்பெராண்டோவில் அது ‘படிக்க’, ‘படித்தல்’ என்று பொருள்படும் வினை. லத்தீனில் அதே எழுத்துகள், முதல் எழுத்து குறிலாக இருந்தால் ‘படிக்கப்பட’ என்றும், நெடிலாக இருந்தால் ‘நான் படித்தேன்’ அல்லது ‘சட்டத்திற்கு’ என்றும் பொருள்படும். ‘லெகாஸ்’ என்பது எஸ்பெராண்டோவில் எந்த எழுவாய்க்கும் பொருந்தும் நிகழ்காலம். லத்தீனிலோ ‘நீ படிப்பாயாக’ என்பது போன்ற விழைவு வடிவம். ‘லெகிஸ்’ எஸ்பெராண்டோவில் இறந்தகாலம். லத்தீனில் குறிலோடு வந்தால் ‘நீ படிக்கிறாய்’. இப்படி முகம் ஒத்து உள்ளம் வேறான சொற்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே எத்தனை உண்டு என்பதை எங்கள் பிள்ளைகள் அன்றாடம் காண்கிறார்கள். ‘புத்தகம் படி’ என்றால் இங்கே வாசி என்று எடுத்துக்கொள்ளலாம். மலையாளத்தில் ‘படிக்குக’ என்றால் கற்றல் மட்டுமே, வாசிப்பதற்கு ‘வாயிக்குக’ என்று வேறு சொல் உண்டு.

எஸ்பெராண்டோவை ஆக்கிய சாமென்ஹோப் 1859இல், இன்று போலந்தில் உள்ள பியாலிஸ்தோக் நகரில் பிறந்தவர். இத்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் பேசுகிறவர்கள் கலந்து வாழ்ந்த ஊர் அது. கண் மருத்துவரான அவர் 1887இல் வார்சாவில் தம் மொழியின் முதல் நூலை வெளியிட்டார். அம்மொழிக்கு அடிப்படையாக 1905இல் ஏற்கப்பட்ட நூலின் சொற்பட்டியலில், ‘லெக்’ என்ற அடிக்கு நேரே பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் ஆகிய ஐந்து மொழிகளிலும் ‘படித்தல்’ என்ற பொருள் மட்டுமே தரப்பட்டிருக்கிறது. பொறுக்குதல் அங்கே இல்லை. ஒலியில் மட்டும் பழமை நின்றது: இத்தாலிய மொழியில் இச்சொல்லின் ககரம் சகரத்தின் பக்கம் மென்மையாகிவிட, எஸ்பெராண்டோவில் செவ்விய லத்தீனைப் போலவே ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமாக அது திடமாக ஒலிக்கிறது.

பொறுக்குதல் அம்மொழியில் முழுவதும் தொலைந்துபோகவில்லை என்பதுதான் என் நெஞ்சைத் தொட்டது. சேகரிப்பதற்கு எஸ்பெராண்டோவில் ‘கொலெக்தி’, தேர்ந்தெடுக்க ‘எலெக்தி’, அறுவடை செய்ய, பிரெஞ்சு வழியாக வந்த ‘ரிகொல்தி’, காய்கறிக்கு ‘லெகோமோ’, பாடத்துக்கு ‘லெத்சியோனோ’. ‘லெகோமோ’வை வர்ரோவின் சொற்படியே சேர்த்துக்கொள்கிறேன், மற்றவை ஐயமின்றி ‘லெகெரெ’ பெற்ற பிள்ளைகள். வெவ்வேறு வழிகளில் ஐரோப்பாவைச் சுற்றி வந்து, ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் ஒரே மொழியில் குடியேறியிருக்கின்றன. எஸ்பெராண்டோ இலக்கணத்தின்படி இவை தனித்தனி வேர்கள். சொற்பிறப்புப் பகுதியைத் திறந்து பார்க்கிறவருக்கு மட்டுமே இவற்றின் உறவு தெரியும்.

சொல்லாக்கத்தில் எஸ்பெராண்டோவுக்குத் தனி அழகு உண்டு. இடத்தைக் குறிக்கும் ‘எய்’ என்ற இடைநிலையைச் சேர்த்தால் ‘லெகெயோ’, படிக்கும் இடம். கேரளத்தின் ஊர்தோறும் நிற்கும் வாயனசாலைக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைக்காது. ‘லெகெப்லா’ என்றால் படிக்க இயல்வது. ‘லெகிந்தா’ என்றால் படிக்கத் தகுந்தது. ‘ரெலெகி’ என்றால் மீண்டும் படித்தல். லத்தீனிலும் ‘ரெலெகெரெ’ உண்டு. வழிபாட்டுக்குரியவற்றை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தவர்களுக்கே சமயப் பற்றாளர் என்று பொருள்படும் ‘ரெலிகியோசி’ என்ற பெயர் வந்தது என்று ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ அதிலிருந்து காரணம் கூறினார். கட்டுதல் என்ற வேறொரு வினையைக் காட்டி, பின்னாளில் வந்த கிறித்தவ எழுத்தாளர் லக்தான்தியுஸ் அதை மறுத்தார்.

இனி மதிப்பீடு. விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதாலும், சுருக்கக் குறிகளும் மீட்டுருவாக்க வடிவங்களுக்கு முன் இடும் உடுக்குறியும் முதலில் மிரட்டுவதாலும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தன்னார்வலர் எழுதுவதால் ஒரு சொல்லுக்குப் பக்கம் நிறைந்திருக்கும், மற்றொன்றுக்கு இரண்டு வரிதான் இருக்கும். பக்கத்தின் தலைப்பில் நெடிற்கோடு இடுவதில்லை என்பதால், தலைப்பை மட்டும் பார்த்துப் பொருள் கொள்ளக் கூடாது. உள்ளே இறங்கித் தலைச்சொல் வரியைப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் சொன்ன பிறகும், விலையின்றி, எந்தக் கைப்பேசியிலும் திறக்கக்கூடியதாக, இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டும் நேர்மையோடு இருக்கும் இந்த அகராதியையே மொழியாசிரியர்களுக்கும் சொல்லார்வம் உள்ள மாணவர்களுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பேன். தேர்வுக்காக அவசரமாக ஒரு பொருள் மட்டும் தேவைப்படுகிறவருக்கு என் பழைய சட்டைப்பை அகராதி போதும்.

விக்சனரியில் எவரும் எழுதிச் சேர்க்கலாம். அதற்குத் தமிழ்ப் பதிப்பும் இருக்கிறது. காயை ஆய்வதற்கும் பூவைப் பறிப்பதற்கும் கீரையைக் கிள்ளுவதற்கும் எங்கள் பக்கத்தில் வழங்கும் வேறுபாடுகளை அம்மாவிடமும் அக்காமாரிடமும் கேட்டு எழுதிவரும்படி அந்த மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். கடலை அறுவடை முடிவதற்குள் ஒரு நோட்டுப்புத்தகத்தில் பாதி நிரம்பிவிட்டது. ஓண விடுமுறையில் இருவரும் உட்கார்ந்து, ‘ஆய்’ என்ற பக்கத்திலிருந்து அவற்றைச் சேர்க்கத் தொடங்குகிறோம்.